லடாக் விவசாயியுடன் விம்பிள்டனுக்கு ஒரு சனிக்கிழமை

சென்ற ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, டிஸ்கித்தை அழைத்துக்கொண்டு லண்டனில் இல்ஃபோர்டிலிருந்து விம்பிள்டனுக்குப் போனேன். டிஸ்கித் லடாக்கில் விவசாயம் செய்யும் பெண். கொஞ்சம் நிலம், பாதி வருடம் கடுங்குளிர், மழை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. பனிக்காலத்தில் அவர் ஊரில் பச்சைக் கீரையைக் கண்ணால் பார்க்க முடியாது. அங்கே பன்னிரண்டு குடும்பங்களுக்குப் பாலித்தீன் கூடாரங்கள் அனுப்ப எங்கள் சிறு குழு முடிவு செய்து, அதற்கு முன் அவரை ஒரு வாரம் வரவழைத்திருந்தது. அதில் இது முதல் நாள். டில்லியில் எட்டு வருடம் வேலை பார்த்ததால் குழுவில் இந்தி தெரிந்தவள் நான் மட்டுமே. மொழிபெயர்ப்பு, வழித்துணை இரண்டும் என் பொறுப்பு.

காலை பத்து மணிக்குச் சிவம் அண்ணையின் தோட்டம். கவுன்சில் வாடகைக்கு விடும் துண்டு நிலம். இல்ஃபோர்ட் ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. யாழ்ப்பாணத்துக்காரரான அண்ணைதான் குழுத் தலைவர். வளைந்த குழாய்களின் மேல் முழுக்கப் பாலித்தீன் போர்த்திய அவருடைய கூடாரத்தில் தக்காளி இடுப்புயரம் வளர்ந்திருந்தது. அதே மாதிரிக் கூடாரம்தான் லடாக்குக்கும்.

“இதுக்குள்ள மார்ச்சிலயே வெக்கையில கோட்டைக் கழட்ட வேணும். பிடிச்சிருக்கோ எண்டு கேளுங்கோ பிள்ளை.”

கேட்டேன். டிஸ்கித் பாலித்தீனில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, மிக நன்றாக இருக்கிறது என்றார். முன்பு நாங்கள் கூடாரத்தின் படத்தை அனுப்பியபோதும் இதையேதான் எழுதியிருந்தார்.

“பாத்தீங்களோ! அப்ப திங்கக்கிழமை ஓடர் குடுக்கிறன்.” அண்ணை காரில் விம்பிள்டனில் நடக்கும் குழுக் கூட்டத்துக்குக் கிளம்பினார். டிஸ்கித்துக்கு ரயிலில் போக ஆசை.

12.20க்கு எலிசபெத் லைன். பாடிங்டனில் டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறினால் நேரே விம்பிள்டன். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. வார இறுதிகளில் பாதை வேலை நடக்கும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் தரைக்கு மேலே வந்து வெயில் மடியில் விழுந்தபோது டிஸ்கித் கேட்டார்: “அந்தக் கூடாரத்தில் இரவு சூடு எங்கே தங்கும்?”

அவரே தொடர்ந்தார்:

“எங்கள் ஊரில் பனிக்காலத்திலும் வெயில் உண்டு. அதை இரவுக்குப் பிடித்துவைக்க வடக்கே தடித்த மண்சுவர் வேண்டும். தெற்கே மட்டும் பாலித்தீன். இதில் ஒரே இரவில் கீரை செத்துவிடும்.”

“அங்கேயே சொல்லியிருக்கலாமே?”

“கூப்பிட்டுச் சோறு போட்டவரிடம் எப்படிச் சொல்வது? நீங்களும் சொல்லாதீர்கள்.”

ரயில் தேம்ஸைக் கடந்தது. சொல்லாவிட்டால் பன்னிரண்டு குடும்பங்களுக்கு இன்னொரு பனிக்காலம் வீண். சொன்னால் என்னை நம்பிப் பேசியவர் இனி பேச மாட்டார். விம்பிள்டனில் இரண்டு தேநீரும் இரண்டு ரோல்ஸும் ஆறு பவுண்டு நாற்பது. என் ரோல்ஸை நான் தொடவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டத்தில் டிஸ்கித் ரயிலில் சொன்னதைச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டதை இந்தியில் டிஸ்கித்திடமும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணையின் முகம் சிவந்துவிட்டது.

“ரெண்டு தரமும் நல்லம் எண்டவ. இப்ப ஏலாது எண்டா? எங்களுக்கென்ன விசரே?”

எங்களுக்கென்ன பைத்தியமா என்ற கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு மொழிபெயர்த்தேன். டிஸ்கித் மெதுவாகத்தான் பதில் சொன்னார். “பிடித்திருக்கிறதா என்று கேட்டீர்கள். பிடித்திருந்தது. எங்கள் குளிருக்குத் தாங்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.”

கேட்காதவர்களில் நானும் உண்டு. அவர் சொன்னதை மாற்றாமல் அண்ணையிடம் தமிழில் சொன்னேன்.

 அண்ணை ஓடர் தாளைத் திருப்பிப்போட்டுப் பேனாவை நீட்டினார். “சரி, அந்தச் சுவரைக் கீறச் சொல்லுங்கோ. எவ்வளவு தடிப்பு?”

டிஸ்கித் தன் முழங்கையை மேசையில் ஊன்றி, விரல்நுனி வரை நீட்டிக் காட்டினார்.

இப்படி யாரையாவது அழைத்து வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: முடிவெடுக்கும் கூட்டத்தை முதல் நாளிலேயே வைக்காதீர்கள். காரைவிட ரயில் நல்லது. பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கும்போது மனிதர்களுக்குப் பேச்சு வருகிறது. எது பிடித்தது என்று கேட்காதீர்கள், எது தோற்கும் என்று கேளுங்கள்.

அந்த வாரம் முழுக்க டிஸ்கித் என்னிடம் அளவாகவே பேசினார். ஜனவரியில் ஒரு படம் மட்டும் வந்தது: மண்சுவர், அதன் முன்னே பசலை. அழகாக இருக்கிறது என்று எழுதப் போய் அழித்துவிட்டு, எவ்வளவு செத்தது என்று கேட்டேன்.

உடனே பதில் வந்தது: “பாலித்தீன் ஓரத்தில் இரண்டு வரிசை. சுவரை இன்னும் உயர்த்தியிருக்க வேண்டும்.”