செத்தவீட்டுக்குக் கோழிச் சூப்

போன கிழமை என் கூட்டாளி நிரோஷின் அப்பா இறந்துபோனார். அன்றிலிருந்து அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இன்று காது விறைக்கிற குளிர். பாரிஸ் ரூ காய் தெருவின் தமிழ்க்கடையில் கோழி வாங்கி, உருளைக்கிழங்கும் கரட்டும் மிளகும் போட்டுக் கெட்டியாகச் சூப் வைத்து, சட்டியோடு வில்லியே லே பெல்லில் இருக்கிற அவன் வீட்டுக்குப் போனேன். எதற்கும் பகிடிவிட்டுச் சிரிக்கிற நான், ஒரு பகிடியும் கலக்காமல் செய்த முதல் வேலை.

கதவைத் திறந்த அவன் அம்மாவுக்கு மணம் பிடிபட்டுவிட்டது.
"தம்பி, செத்தவீடெல்லே. முப்பத்தொராம் நாள் முடியுமட்டும் இஞ்சை மச்சம் இல்லை, மீன் இறைச்சி ஒண்டும் தொடமாட்டம்."

சூப் சூடாகத்தான் இருந்தது, நான்தான் உறைந்துபோனேன்.

படியிறங்கும்போது பின்னால் நிரோஷ் கரண்டியோடு வந்தான். படியிலேயே இருந்து, அழுதழுது சாப்பிட்டான்.

மேலே கதவு திறந்தது. "நான் ஒண்டும் காணேல்லை," என்றா அவன் அம்மா. "குளிருது, கெதியாச் சாப்பிடு."

இன்னும் மூன்று கிழமை கிடக்கு. மரக்கறிச் சூப் வைக்கத் தெரிந்த ஆக்கள் சொல்லித் தாங்கோ. அந்தப் படிக்கட்டு சரியான குளிர்.