ஓடை தாண்டும் வண்டி

எதை வாங்கினாலும் முதலில் முகர்ந்து பார்ப்பது மதார் சாகிபின் பழக்கம். மாம்பழ வியாபாரி பழத்தின் காம்படியில் மூக்கை வைத்துப் பார்ப்பது தொழிலோடு சேர்ந்தது. அவரோ குடை வாங்கினாலும் முகர்வார், வேட்டி வாங்கினாலும் முகர்வார், கைக்கடிகாரத்தைக்கூட மூக்கருகே கொண்டுபோன பிறகுதான் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை அவருக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் என்னையும் முகர்ந்திருப்பார் என்று அவர் மனைவி நூர்பானு தன் மகள் மைமூனிடம் மட்டும் சொல்லிச் சிரித்திருக்கிறாள். வேறு யாரிடமும் அவள் அவ்வளவு பேசமாட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீட்டின் பின்கட்டு முழுவதும் வைக்கோல் பரப்பிய பழுக்க வைக்கும் அறை. அந்த அறை நூர்பானுவின் பொறுப்பு. சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனவள் அவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் எங்கும் போவாள். தெருவில் நாலு வீடு தாண்டினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனால் வைக்கோலுக்குள் கை விட்டால், எது நாளைக்குப் பழுக்கும், எது இன்னும் முரண்டு பிடிக்கும் என்று விரலே சொல்லிவிடும்.

மதார் சாகிபு குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பு பிளவக்கல் பக்கம் மலையடியில் இருந்தது. இரண்டு ஓடைகளைத் தாண்ட வேண்டும். மாட்டு வண்டி முதல் ஓடையோடு நின்றுவிடும். அதற்கப்புறம் மணலும் உருண்டைக் கல்லும்தான். பறித்த காயைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சோலைச்சாமியின் வண்டியில் ஏற்றுவார்கள். சாரல் முந்திவிட்டால் ஓடையில் தண்ணீர் வந்து, அந்தக் கரையிலேயே காய் பழுத்து அழுகும்.

தோப்பு மரங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. ஓடைக்கரையான், ரெட்டைப் பிறவி, இடி வாங்கி. கூடை வரும்போதே மதார் சாகிபு, "இது இடி வாங்கி காய்" என்று சொல்லித்தான் இறக்குவார். இடி வாங்கிக்கு நார் கூட, மணமும் கூட. ஓடைக்கரையான் சீக்கிரம் பழுத்துவிடும். எல்லாம் நூர்பானுவுக்குத் தெரியும். ஒரு மரத்தையும் அவள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று கல்யாணமாகி வந்த முதல் சீசனிலிருந்தே ஆசை. நடக்க முடியாதவளை யார் எப்படிக் கொண்டுபோவது? கேட்டால் அவருக்கு ஒரு சங்கடம். அதனால் அவள் கேட்டதே இல்லை.

எண்பத்தேழாம் வருஷம் மதார் சாகிபு ஒரு வண்டி வாங்கத் தீர்மானித்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஆறு மாதமாக ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். டீசல் போட்ட அம்பாசடரா, நாலு சக்கரமும் இழுக்கும் டீசல் ஜீப்பா?

தம்பி அல்லா பிச்சைக்குக் கார்தான் பிடித்திருந்தது.

"அண்ணே, கார்ல போனா யாரு போறாகன்னு திரும்பிப் பாப்பாக. ஜீப்புல போனா எலெக்‌ஷன் வந்திருச்சான்னு கேப்பாக."

"கார் ஓடைக்குள்ள எறங்குமாலே?"

"நம்ம என்ன ஓடையிலயா குடியிருக்கோம்?"

சோலைச்சாமிக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. அவன் மதார் சாகிபை மாமா என்றும் நூர்பானுவை அத்தை என்றும் கூப்பிடுவான். "மாமா, ஜீப்பு குடிக்கிற டீசலுக்கு எம் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வச்சா, அது உங்களைத் தூக்கிக்கிட்டே போகும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அன்று வழக்கமாகக் குடிக்கும் இரண்டாவது டீயைக் குடிக்காமல் போய்விட்டான்.

ராஜபாளையத்திலிருந்து வண்டித் தரகன் சுந்தரபாண்டியன் ஒரு ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். மலை எஸ்டேட் ஒன்றில் ஓடிய வண்டி. பச்சை நிறம், மேலே தார்ப்பாய்க் கூரை. அது தெருவுக்குள் நுழைந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற நூர்பானுவின் உள்ளங்கை அதிர்ந்தது. அவ்வளவு பெரிய சத்தத்தை உள்ளே அடக்கிக்கொண்டு ஒரு பொருள் வாசலில் அமைதியாக நிற்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மதார் சாகிபு பானெட்டைத் திறக்கச் சொல்லிக் குனிந்து முகர்ந்தார்.

"பாய், இதென்ன பங்கனபள்ளியா?" என்றான் சுந்தரபாண்டியன்.

"எண்ணெய் கருகின வாடை இல்லை. நல்லது. ஆனா எனக்கு வேற ஒண்ணு தெரியணும். தோப்புக்குப் போய் காய் ஏத்திட்டு வரணும். காயி அடிபடாம வருதான்னு பாக்கணும்."

"தாராளமாப் பாருங்க."

அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பி, "பானு, நீயும் வா. காயி எப்படிக் குலுங்குதுன்னு பாக்க உன்னை விட்டா யாரு?" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவளை முன்சீட்டில் தூக்கி உட்கார வைத்துவிட்டு அவர் பின்னால் ஏறினார். முதல் ஓடை ஒரு குலுக்கலில் போய்விட்டது. சோலைச்சாமியின் வண்டி வழக்கமாக நிற்கும் புளியமரம் பின்னால் போனது. அதற்கப்பால் உள்ள உலகம் அவளுக்குப் புதிது. இரண்டாவது ஓடையின் நடுவில் பின்சக்கரங்கள் மணலைத் தோண்டிக்கொண்டு சுழன்றன. வண்டி நகரவில்லை.

"அல்லாவே" என்றாள் அவள், வாய்க்குள்.

"பயப்படாதீக அக்கா. இம்புட்டு நேரம் பின்சக்கரம் மட்டுந்தான் வேலை செஞ்சுது. இப்ப முன்சக்கரத்தையும் எழுப்பி விடுறேன்" என்று சொல்லி சுந்தரபாண்டியன் கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டையான கம்பிகளை இழுத்தான்.

சத்தம் மாறியது. கத்திக்கொண்டிருந்த இன்ஜின் தாழ்ந்த குரலில் முனகத் தொடங்கியது. ஜீப்பின் முன்பக்கம் மெல்ல நிமிர்ந்தது. ஆள் நடப்பதைவிட மெதுவாக, ஒவ்வொரு கல்லையும் தடவிப் பார்ப்பதுபோல் ஏறி, கரை மேல் வந்து நின்றது. பலம் என்றால் வேகம் என்றுதான் அவள் அதுவரை எண்ணியிருந்தாள். இத்தனை பலம் இத்தனை நிதானமாக வருவதை இப்போதுதான் பார்த்தாள்.

பிறகு தோப்பு.

வீட்டு மாடியிலிருந்து நீலமாய்த் தெரிந்த மலை இங்கே பச்சையாக, தலைக்கு நேர் மேலே நின்றது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. பூனை அளவு சாம்பல் நிற அணில் ஒன்று கிளை விட்டுக் கிளை பாய்ந்தது. வால் அதன் பின்னால் தனியாகப் பறந்து வந்தது. மரங்களுக்கடியில் பகலிலேயே பாதி இருட்டு. அவள் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் அடுத்த மரத்தை. வீட்டில் சுவரைப் பிடித்து நடப்பதுபோலத்தான் இருந்தது, ஆனால் சுவர் முடியவே இல்லை.

இடி வாங்கியை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கம் உச்சியிலிருந்து அடிவரை கரிந்து குழியாக இருந்தது. மறுபக்கம் கிளை தாங்காமல் காய்த்துத் தொங்கியது. இத்தனை வருஷமாகத் தன் கையில் பழுத்த இடி வாங்கிப் பழமெல்லாம் இந்தப் பாதி மரம் ஈன்றதா? கரிந்த பக்கத்தில் கையை வைத்தாள். சுடுமோ என்று ஒரு நொடி தோன்றியது. குளிர்ச்சியாக இருந்தது.

"பானு, மூணு தடவை கூப்பிட்டுட்டேன்" என்றார் மதார் சாகிபு. கூடைகள் ஏற்றியாகிவிட்டது.

வழக்கம்போல் வைக்கோல் வைத்துக் கட்டிய இரண்டு கூடை. வீட்டில் இறக்கியதும் காயைக் கூடையில் இருந்த வரிசை மாறாமல் தனியாக அடுக்கினாள். காயில் பட்ட அடி அன்றைக்குத் தெரியாது. பழுக்கப் பழுக்கத்தான் தோலுக்கடியில் கறுத்து வெளியே வரும். மூன்றாம் நாள் சுந்தரபாண்டியன் வந்து நின்றான்.

"பாய், வண்டி ஓடுச்சா இல்லையா?"

"ஓடுச்சு."

"ஓடை தாண்டுச்சா?"

"தாண்டுச்சு."

"பொறவென்ன யோசனை?"

"பழம் இன்னும் சொல்லலை."

சுந்தரபாண்டியன் தலையில் அடித்துக்கொண்டு போனான். வாசலில் நின்ற சோலைச்சாமி அதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தான்.

ஐந்தாம் நாள் அவள் தனியாக வைக்கோலை விலக்கினாள். கூடையின் மேலடுக்கில் வந்தவை சுத்தமாக இருந்தன. அடியில் வந்த பழங்களின் கன்னத்தில் எல்லாம் கறுப்புத் தழும்பு. தலைச்சுமையில் வரும் காய்க்கு இப்படி ஆகாது. ஜீப்பின் பின்பக்கம் அப்படித் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது.

அந்த அறைக்குள் வேறு யாரும் வரமாட்டார்கள். அடிபட்டதையெல்லாம் பொறுக்கி ஜூஸ் கடைக்குத் தள்ளிவிட்டு, நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜீப் வாசலுக்கு வந்துவிடும். அடுத்த வாரமே அந்த மரத்தடியில் நிற்கலாம். இல்லையென்றால் இனி ஆயுசுக்கும் இல்லை. ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு அடிபட்ட பழங்களை ஒரு முறத்தில் அடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அடி இருக்கு."

"எம்புட்டு?"

"கீழ்ப்பாதி அம்புட்டும்."

அவர் ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காம்படியில் மூக்கை வைத்தார். அவள் முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு உனக்கு எங்கயும் வலிச்சுதா?"

"இல்லையே."

"இடுப்பு?"

"இல்லை."

"மறுநாள் காலையில?"

"ஒண்ணும் இல்லைங்க. எதுக்குக் கேக்கீக?"

"மாம்பழம் தாங்கலை, நீ தாங்கியிருக்க" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் முறத்தை எடுக்கக் குனிந்தாள். அவர் விடவில்லை. "அந்த மரத்துல கைய வச்சுக்கிட்டு நின்னியே, அப்பவே வாங்கிரலாம்னு தோணுச்சு. இம்புட்டு வருசமா எனக்கு இது தோணலையேன்னும் இருந்துச்சு. சரி, பழமும் ஒரு வார்த்தை சொல்லட்டும்னு இருந்தேன்."

"பழம்தான் வேண்டாங்குதே."

"அதுக்கு வேண்டாம்னா அது மாட்டு வண்டியில வரட்டும். நீ ஜீப்புல வா."

ஆறு மாதம் ஊரெல்லாம் விசாரித்த மனிதர், சோதனையில் தோற்ற வண்டியை வாங்கப்போகிறார். அவர் எதையெல்லாம் எடைபோட்டார் என்று நினைக்க நினைக்க, அன்று மலையை அண்ணாந்து பார்த்தபோது இருந்ததுபோலவே இருந்தது அவளுக்கு.

செய்தி கேட்டு அல்லா பிச்சை ஒரு மாதம் அண்ணனோடு பேசவில்லை. சோலைச்சாமி மட்டும் ஓடி வந்து, "அத்தை, எம் பொழைப்பைக் காப்பாத்திட்டீக" என்றான்.

"நான் எங்க காப்பாத்துனேன்? பழத்தைக் கேளு" என்றாள் நூர்பானு. அவள் அவனிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

இப்போது தொண்ணூற்றெட்டு. முதல் ஓடைக்குப் பாலம் போட்டுவிட்டார்கள், இரண்டாவதற்கு இன்னும் இல்லை. பழம் பழையபடி தலைச்சுமையிலும் மாட்டு வண்டியிலும் வருகிறது. ஜீப்புக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தாயிற்று. மாம்பழ சீசனில் வாரத்தில் இரண்டு நாள் நூர்பானு அதில் ஏறித் தோப்புக்குப் போகிறாள். காய் பறிக்கும் நாளை இப்போது அவள்தான் மரத்தடியில் நின்று சொல்கிறாள்.