ஒரே வயல், ஒரே பூசணம்

ஊரில் எல்லோரும் பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளப் பாடுபடுவார்கள். பூசணம் வளர்ப்பதற்கென்றே அரசாங்கச் சம்பளம் வாங்கிய ஜென்மம் நான். எண்பதுகளில் தர்மபுரி மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். புண்ணிலிருந்து சுரண்டியதைக் கண்ணாடித் தட்டில் போட்டு, முளைப்பது எந்தப் பூசணம் என்று சொல்லவேண்டும். என்னைப்போல் லேபில் குப்பை கொட்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் என்னோடு சேர்ந்து கொஞ்சம் கஷ்டப்படுங்கள்.

கிழங்கு யாருக்கு?

பூசணத்துக்கு உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீர் என்றால் உயிர். அதில் குளுக்கோஸும் கடல்பாசியும் சேர்த்துத் தட்டில் ஊற்றி உறையவைத்தால் அதற்குக் கல்யாண விருந்து. அதனால் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் அடிக்கடி கிழங்குக்குக் கையேந்தி நிற்பேன். தண்ணீர் பூசணத்துக்கு, வெந்த கிழங்கு எங்கே போனது என்று கேட்காதீர்கள், எங்கள் மேஜை டிராயரில் மிளகாய்த்தூள் இருந்தது.

ஒருநாள் சமையல்காரர் கரண்டியும் கையுமாக வாசலை மறித்தார். “வார்டுல படுத்திருக்கறவங்களுக்கே வெறும் ரசந்தானுங்க ஊத்தறேன். பூசணத்துக்கு மட்டும் கெழங்குங்களா?”

ஆளுக்கொரு கண்

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். கரும்புச் சோகை உரிக்கும்போது அந்தக் காய்ந்த இலை கண்ணில் கீறி, புண்ணாகியிருந்தது. அண்ணன் ஆரோக்கியத்துக்கு இடது கண், தம்பி சவரிக்கு வலது கண். வயல் இன்னும் பாகம் பிரிக்காதது. கிணற்று மோட்டார் யார் முறை என்ற தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பெஞ்சின் இரண்டு நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

சவரி சொந்த டிராக்டரில் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவர். கண் போனால் பிழைப்பு போச்சு. இரண்டு கண்ணிலும் டாக்டர் சுரண்டிக் கொடுத்ததைத் தனித்தனித் தட்டில் போட்டு அலமாரியில் வைக்கப்போனேன். சவரி மெதுவாக என் பக்கம் நகர்ந்தார். “எங்கண்ணன் தட்டுப் பக்கத்துல என் தட்டை வெக்காதீங்க சார். அங்கியும் எம் மொறைத் தண்ணியை இழுத்துக்குவாரு.”

பளபளப்பு

ஞாயிறு கழிந்து வந்து பார்த்தால் சவரியின் தட்டு பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அண்ணன் தட்டில் மட்டும் ஏதோ முளைத்தும் முளைக்காமலும் இருந்தது. புதிதாகத் துப்புரவு வேலைக்கு வந்த மாதம்மாளிடம், இங்கே பூசணம்தான் எங்கள் பயிர் என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. பாவம், சுத்தம் செய்யத்தானே சம்பளம்.

நான் தலையில் கை வைத்ததும் அவருக்கு ஆச்சரியம். “ஒண்ணு சுத்தமாத்தான் இருந்துச்சுங்க. இன்னொண்ணுல பஞ்சாட்டம் மண்டிக் கெடந்துச்சு. எங்க வூட்ல பாத்திரத்தை அப்படி வெச்சிருந்தா, எங்க மாமியா என்னைப் பொறந்த வூட்டுக்கே அனுப்பியிருக்கும்.”

டாக்டர் தீர்ப்பு

அண்ணன் தட்டில் முளைத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். குட்டிக் குட்டி அரிவாள்கள்; கண்ணைத் தின்கிற பூசணம்தான். “தம்பி கண்ணில் இன்னொரு தடவை சுரண்டித் தாருங்கள்” என்று டாக்டரிடம் போய் நின்றேன். வெளியே நோயாளி வரிசை கேட்டைத் தாண்டிவிட்டது. இருவருக்கும் ஒரே சொட்டுமருந்து, ஒரே அளவு என்று எழுதி முடித்தார். “ஒரே வயல், ஒரே கரும்பு, ஒரே குடும்பம். பூசணம் மட்டும் தனியா பாகம் பிரிச்சுக்கிட்டா வந்திருக்கும்? போய்யா!”

அதே அரிவாள்

அடுத்த வாரம் ஆரோக்கியத்தின் கண் தெளிந்துவிட்டது. சவரியின் கருவிழியில் பாதியை வெள்ளை மூடியிருந்தது. இப்போது டாக்டரே ஓடிவந்து சுரண்டித் தந்தார். மறுநாளே தட்டில் மண்டியது. மைக்ராஸ்கோப்பில் அதே அரிவாள், அதே பெயர். டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஒரே பேருக்குள்ள பல வம்சம் இருக்குய்யா. அண்ணனுக்கு வந்தது சாது. இது ரவுடி, இந்தச் சொட்டுக்கு மசியாது.”

பெரிய கண்ணாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். முதல் தட்டு கழுவப்படாமல் இருந்திருந்தால், அது மண்டிய வேகத்தைப் பார்த்தே ஒரு வாரம் முன்னால் அனுப்பியிருப்போம்.

சில மாதம் கழித்து ஆரோக்கியம் தம்பியைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். வலது கண்ணில் வெளிச்சம் மட்டுமே தெரிகிறதாம், டிராக்டரை விற்றாயிற்று. இப்போது பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் பூசண வம்சத்தைப் பற்றி விளக்கினேன். சவரி பொறுமையாகக் கேட்டார். “கூடப் பொறந்த எங்களுக்கே கொணம் வேற வேறன்னு ஊருக்கே தெரியும் சார். கண்ணாடி வெச்சுப் பாக்கற உங்களுக்குத் தெரியலீங்களா?”

ஒரு மனிதனின் கண் போன பிறகு எங்கள் ஆஸ்பத்திரி சுறுசுறுப்பாக விழித்துக்கொண்டு, பூசண அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டது.