‘வரேன்’ என்று சொல்லக்கூடாத கரை

எங்கள் ஊர்ப் போட்டிக்கு முதல் தடவை வருகிறவர்கள், இது ஏதோ பூட்டுக் கம்பெனி நடத்துகிற போட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். தொப்பியில் பூட்டுப் படம், பனியனில் பூட்டுப் படம், கோப்பையின் தலையிலும் ஒரு பூட்டு. கம்பெனியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பூட்டு என்பது என் அண்ணன். கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்ததால் ஊரே அவனை அப்படித்தான் கூப்பிட்டது. அவன் செத்துப்போனானா, எங்களை விட்டுப் போனானா என்று தெரியாமல்தான் என் அண்ணி இத்தனை வருடமாகச் சரியாகத் தூங்கவில்லை.

நான் சொல்ல வந்தது அண்ணியைப் பற்றி. போட்டியை விட்டுவிட்டு அவளைப் பற்றிப் பேச முடியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

அண்ணிக்குக் கடற்கரை ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. படுக்கை விரிப்பை ஒரே உதறலில் சுருக்கம் இல்லாமல் விரிப்பாள். பேசுகிற பேச்சும் அப்படித்தான், ஒரே உதறல். அந்த ஹோட்டலில் தங்கிப்போன யாரோ ஒரு புண்ணியவான் ஒரு தூண்டிலை விட்டுவிட்டுப் போனான். நூல் சுற்றும் சக்கரம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சக்கரமும் பூட்டு மாதிரிதானே என்று அண்ணி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வம்பை விலை கொடுத்து வாங்குவார்கள், இவள் சும்மாவே தூக்கிக்கொண்டு வந்தாள்.

அது இறகுத் தூண்டில். புழு கிடையாது, இறால் கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி, மீன் அதைக் குட்டி இறால் என்று நம்பும்படி செய்ய வேண்டும். பிறகு அந்தக் கனமான நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி வீசி, பூ விழுகிற மாதிரி தண்ணீரில் போட வேண்டும். அண்ணன் சக்கரத்தைச் சரிசெய்தான். அப்புறம் அவனைச் சரிசெய்ய ஆள் இல்லை. தண்ணீர் வற்றுகிற வேளையில் எங்கள் வீட்டுப் பின்படியில் இறங்கினால் வெகுதூரத்துக்கு முழங்காலளவு ஆழம்தான். அந்தத் திட்டு முடிகிற இடத்தில் கப்பல் போகும் கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஐஸ் ஃபேக்டரியின் நீண்ட சுவர். அண்ணன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து அந்தத் திட்டில் நிற்பான். பிடித்த மீனை ஈரக்கையால் தடவிக்கொடுத்துத் திரும்ப விட்டுவிடுவான்.

“விடுறதுக்கு எதுக்குடா பிடிக்கிற?” என்று கேட்டேன்.

“உனக்குச் சொன்னா புரியாது, போ” என்றான். சொல்லிப் பார்த்தால்தானே புரிகிறதா என்று தெரியும்.

இறகுக்கு அவன் போன இடம்தான் வினை. அண்ணி ஹோட்டலிலிருந்து துவைக்க எடுத்துவந்த இறகுத் துடைப்பத்தில் அவன் கைவைத்துவிட்டான். மேற்பார்வைக்காரி எல்லார் முன்னாலும் அந்த மொட்டைத் துடைப்பத்தைத் தூக்கிக் காட்டி அண்ணியைக் கேவலப்படுத்தினாள். மறுநாள் காலையில் வீட்டில் பெரிய சண்டை.

“அந்தத் தண்ணியையே கட்டிக்கிட்டு அழுங்க. வீட்டுக்கு வரவே வேண்டாம்” என்றாள் அண்ணி.

அண்ணன் எந்தச் சண்டை போட்டாலும் வாசல் தாண்டும்போது “வரேன்” என்று சொல்லாமல் போகமாட்டான். அன்றைக்குச் சொல்லவில்லை. பூட்டு ரிப்பேர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் பனிமூட்டம் வந்தது. பின்படியில் நின்றால் தண்ணீரே தெரியவில்லை. தண்ணீர் ஏறும் நேரம். அண்ணிக்குக் கோபம் போய் பயம் வந்தது. படியில் நின்று “வாங்க” என்று கூப்பிட்டாள்.

“வரேன்” என்று அவன் குரல் கேட்டது.

மறுபடி கூப்பிட்டாள். “வரேன்.” இந்தத் தடவை குரல் சற்றுத் தள்ளிக் கேட்டது. அவள் கூப்பிடக் கூப்பிட அந்தக் குரல் தேய்ந்துகொண்டே போய், கடைசியில் இல்லாமல் ஆனது. பனி விலகியபோது திட்டு முழுக்கத் தண்ணீர். அண்ணன் இல்லை.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் சொல்வதும் ‘வரேன்’தான், வீடு திரும்புகிறவன் சொல்வதும் ‘வரேன்’தான். வருகிறவன் குரல் ஏன் தள்ளிப் போக வேண்டும்? கருவிப் பையோடு எவனாவது மீன் பிடிக்கப் போவானா? வாசலில் சொல்லாமல் விட்ட சொல்லைத் தண்ணீரில் நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டான் என்று ஊர் பேசியது. ஊருக்கு என்ன, வாய்க்கு வந்ததைப் பேசும். அண்ணியும் அதை நம்பினாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “நான்தானேடி வர வேண்டாம்னு சொன்னேன்” என்பாள். துவைத்த விரிப்பை மடிக்கும்போது சொல்வாள், சோற்றைப் பிசைந்தபடி சொல்வாள். பின்படிக் கதவைத் தாழ் போட்டாள். அதற்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை.

அண்ணனைத் தேட ஊரே கைகோத்துத் திட்டில் வரிசையாக நடந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அதே நாளில், அவனிடம் தூண்டில் வீசக் கற்ற கூட்டாளிகள், ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற ஆட்கள், ஹோட்டல் பக்கக் கரையில் இறங்கி நின்றார்கள். அவர்களில் முக்கியமானவர் பல் டாக்டர். எங்கள் ஊர் முழுக்க அவரிடம் வாயைத் திறந்து காட்டியிருக்கிறது. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அண்ணி கரையில் நின்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். பல் டாக்டர் யதார்த்தமாக “வரேன்” என்றார். அண்ணி அப்படியே மணலில் சரிந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒரு விதி. கரையிலிருந்து கூப்பிட்டால் “இருக்கேன்” என்றுதான் சொல்ல வேண்டும். ‘வரேன்’ கூடாது.

அந்த விதிதான் போட்டியை வளர்த்தது என்று எனக்குத் தோன்றும். ஹோட்டலில் தங்க வந்தவர்கள் இந்தக் கதையைக் கேட்டார்கள். அடுத்த வருடம் தூண்டிலோடு வந்தார்கள். கூடாரம் வந்தது, மைக் வந்தது, தொப்பி வந்தது. அளந்து, படம் எடுத்து, மீனை விட்டுவிட வேண்டும் என்றார்கள். வெளியூர்க்காரர்கள் தண்ணீரில் நின்று “இருக்கேன், இருக்கேன்” என்று கூவுவதை வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் கூடியது. எல்லாரையும் கூப்பிட்டு முடித்ததும் அண்ணி கடைசியாக, மைக் இல்லாமல், “வாங்க” என்பாள். யாரை என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கொஞ்ச நேரம் கரையில் ஒரு குழந்தைகூட அழாது. எனக்கு ஒவ்வொரு வருடமும் பதில் வராதோ என்று ஒரு பயம், வந்துவிடுமோ என்று இன்னொரு பயம்.

போன வருடம் கூட்டம் தாங்காமல் கமிட்டி சைரன் வைத்தது. பல் டாக்டர்தான் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்.

“இத்தனை பேரை எப்படிம்மா கூப்பிடுவீங்க? தொண்டை என்னத்துக்கு ஆகும்?”

“என் தொண்டையப் பத்தி உங்களுக்கு என்ன? பல்லோட நிறுத்திக்குங்க” என்றாள் அண்ணி. ஆனால் ஒத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பார்த்துப் பனிமூட்டம் வந்தது. போட்டி தொடங்கிய காலத்திலிருந்து அந்த நாளில் பனி வந்ததே இல்லை. சைரன் அலறியது. கரையை ஒட்டி நின்றவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிவந்தார்கள். தூரத்தில் எங்கள் வீட்டுப் பக்கமாக நின்றவர் பல் டாக்டர் ஒருவர்தான். அவர் மட்டும் வரவில்லை.

அண்ணி வீட்டுக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். துருப்பிடித்த தாழைக் கல்லால் தட்டித் திறந்து, அன்றைக்கு நின்ற அதே படியில் போய் நின்றாள்.

“டாக்டர், வாங்க.”

“வரேன்” என்று பதில் வந்தது. பயத்தில் அந்த மனுஷனுக்கு விதி மறந்துவிட்டது.

அண்ணி மறுபடி கூப்பிட்டாள். “வரேன்.” சற்றுத் தள்ளி. மறுபடியும் கூப்பிட்டாள். “வரேன்மா, வரேன்.” இன்னும் தள்ளி. என் அண்ணன் அன்றைக்குப் போன மாதிரியே அந்தக் குரலும் போய்க்கொண்டிருந்தது.

அண்ணி கூப்பிடுவதை நிறுத்தினாள். அப்போதுதான் எனக்கும் அது கேட்டது. அவள் கூப்பிட்டு முடித்ததும், பனிக்கு அந்தப் பக்கம் ஐஸ் ஃபேக்டரிச் சுவரிலிருந்து அவளுடைய குரலே “வாங்க” என்றது.

நான் டாக்டரைக் கூப்பிட வாயெடுத்தேன். அண்ணி என் வாயைப் பொத்தினாள்.

“கத்தாத. நம்ம குரல்தான் அவரை அந்தப் பக்கம் இழுக்குது.”

இருவரும் தண்ணீரில் இறங்கினோம். அவர் தண்ணீரைத் தள்ளி நடக்கும் சத்தத்தை வைத்துக்கொண்டே போனோம். கால்வாயின் விளிம்பில், மார்பளவு தண்ணீரில், சுவரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் காலுக்குக் கீழே தரை இருந்திருக்காது. அண்ணி அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். திரும்பிப் பார்த்தவருக்கு முகம் வெளிறிவிட்டது.

“நீங்க அங்க இல்ல இருந்தீங்க?” என்று சுவர்ப் பக்கம் கை காட்டினார்.

“நான் கூப்பிட்டது அங்கேருந்தா கேட்டுது?”

“ஆமாம்மா. ரொம்பத் தெளிவா. அதான் உங்ககிட்டதான் வரேன்னு வந்துக்கிட்டே இருந்தேன்.”

அண்ணி அவர் காலரை விடாமல் என்னைப் பார்த்தாள். சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

“உங்கண்ணன் போகலடி” என்றாள். “எங்கிட்டதான் வந்துக்கிட்டிருந்திருக்கார்.”

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் வந்தது. நான் மரமண்டை, அந்த நிமிஷம் அதோடு நின்றுவிட்டேன். அண்ணி நிற்கவில்லை. அவன் வந்த திசை எது, அந்தத் திசையில் அவனைக் கூப்பிட்டது யார் என்று அவளுக்குப் புரிந்துபோனதை நான் அவள் முகத்தில் பார்த்தேன். அவள் கூப்பிடக் கூப்பிட அவன் வந்திருக்கிறான். இன்னொரு கையால் தன் வாயை மூடிக்கொண்டாள். கரை ஏறும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

“அண்ணன் உங்களைத் தேடித்தானே வந்தான், அண்ணி? அது போதாதா?” என்று அப்புறம் ஒருநாள் கேட்டேன்.

“போதும்” என்றாள்.

இந்த வருடப் போட்டிக்கும் தொப்பி அச்சாகிவிட்டது. கடைசியில் அந்த ஒரு “வாங்க” மட்டுமாவது சொல்லுங்கள் என்று கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கே வந்து கெஞ்சினார்கள். அண்ணி தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள்.

அவள் இப்போது யாரையுமே கூப்பிடுவதில்லை. நேற்று நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு ஆறிப்போகிறது என்று கீழேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். முட்டிவலியோடு இரண்டு மாடியும் ஏறிவந்து, மூச்சு வாங்க, என் தோளைத் தொட்டாள்.