ஓடுவதா, பாஸ் கொடுப்பதா

எங்கள் மில் கால்பந்து அணியில் பதினோரு பேர் இறங்கினாலும் ஆட்டம் ஒரே ஒருவர் காலில்தான் இருந்தது. கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். அதனால் மில்லில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கிணத்துக்கடவுக்காரர் என்றே சொல்வோம். வலது ஓரத்தில் பந்து கிடைத்துவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார். எதிரில் மூன்று பேர் வந்தாலும் சரி, கொடிக்கம்பமே வந்தாலும் சரி, ஓட்டம்தான். பாதி நேரம் கோல் விழும். மீதி நேரம் பந்து கோட்டுக்கு வெளியே கிடக்கும், அவர் மண்ணில் கிடப்பார். நாங்கள் பத்துப் பேரும் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்ப்போம்.

எனக்கு அது எரிச்சலாக இருக்கும். நான் நடுவில் ஆடுபவன். பந்தை வாங்குவது, பார்ப்பது, இன்னொருவருக்குக் கொடுப்பது, இதுதான் என் வேலை. ஒரு ஆட்டத்தில் நாற்பது தடவை கொடுப்பேன், ஒரு பயல் கைதட்ட மாட்டான். அவர் ஒரு தடவை ஓடினால் போதும், காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் எழுந்து நின்று கத்துவார்கள்.

அதற்காக நாங்கள் பாஸ் ஆடிய லட்சணமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எங்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்பின்னிங் பிரிவில் வேலை செய்தவர்கள். அங்கே நூல் நூற்கும் மெஷினான ஃபிரேம் ஒவ்வொருவருக்கும் அவரவருடையது. பக்கத்து ஃபிரேமில் நூல் அறுந்து ஆடினாலும் நாம் கை வைக்கக் கூடாது, நம் இடத்தை விட்டு நகரவும் கூடாது. நகர்ந்தால் மேஸ்திரி கிழித்துவிடுவார். அந்தப் பழக்கம் மைதானத்துக்கும் வந்துவிட்டது. அவனவன் தன் இடத்தில் நின்றுகொண்டு பந்து வந்தால் உதைப்பான், வராவிட்டால் காத்திருப்பான். இரண்டு பேருக்கு நடுவே பந்து விழுந்தால் தீர்ந்தது கதை. "உங்க பந்துங்க" என்பார் ஒருவர். "இல்லீங்க, நீங்க எடுங்க" என்பார் இன்னொருவர். அதற்குள் எதிரணிக்காரன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். கிணத்துக்கடவுக்காரர் மட்டும் குடோனிலிருந்து பஞ்சுப் பொதிகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு மில் முழுக்க அலைபவர். அவருக்கு நிற்கத் தெரியாது.

இதெல்லாம் வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் எனக்கு என்ன வந்தது? அவரும் நானும் பதிலித் தொழிலாளிகள். ஷிப்டுக்கு முன்னால் கேட்டில் நிற்க வேண்டும், உள்ளே யாராவது வராவிட்டால் மேஸ்திரி கை காட்டுவார், அன்றைக்கு வேலை. எல்லோரும் வந்துவிட்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அவர் ஆறு வருடமாக நின்றார். நான் இரண்டு வருடமாக நின்றேன். அந்த வருடம் மில்களுக்கிடையிலான போட்டி தொடங்குவதற்கு முன் மேனேஜர் சொல்லி அனுப்பினார். அணி கப்பை வாங்கிவிட்டால், விளையாடும் பதிலிகளில் ஒருவரைப் பர்மனென்ட் ஆக்குவாராம். ஒருவரை மட்டும். அணியில் இருந்த பதிலிகளே நாங்கள் இரண்டு பேர்தான்.

அவர் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். சரவணம்பட்டியிலிருந்து வந்த பெண் வீட்டார் காப்பியைக் கையில் வாங்கும்போதே கேட்டது ஒரே கேள்வி, "மாப்பிள்ளை பர்மனென்டுங்களா?" என் அம்மா கண்ணை மூடித் திறப்பதற்குள், "அடுத்த மாசம் ஆயிப்போடுமுங்க" என்று சொல்லிவிட்டாள். எந்த தைரியத்தில் சொன்னாளோ. 

எங்களுக்குக் கோச் என்று தனியாக யாரும் கிடையாது. டைம் ஆபீஸில் அட்டை குத்துபவர்தான் விசிலை மாட்டிக்கொண்டு நிற்பார். நல்ல மனிதர், பதற்றக்காரர். உலகக் கோப்பையை டிவியில் பார்த்ததிலிருந்து அவருக்குப் பாஸ் பைத்தியம் பிடித்திருந்தது. "இனி ஓட்டமே கிடையாதுங்க, பூராவும் பாஸுதான்" என்று அறிவித்தார். முதல் ஆட்டத்தில் பாஸ் பாஸ் என்று ஆடி, ஒரு சாதாரண அணியிடம் தோற்கப் பார்த்தோம். கடைசி ஐந்து நிமிடத்தில் கிணத்துக்கடவுக்காரர் பொறுக்க முடியாமல் தனியாக ஓடிப் போட்ட கோலில் தப்பித்தோம். உடனே டைம் ஆபீஸ்காரர் கட்சி மாறினார். "பாஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பந்தை அவருகிட்டக் கொடுத்துப்போட்டு நவுந்துக்குங்க." அரையிறுதியில் எதிரணி அவரைச் சுற்றி நாலு பேரை நிறுத்தியது. அவர் ஓடி ஓடி விழுந்தார். அந்தப் பக்கத்துக்காரன் ஒருவன் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட்டதால் ஜெயித்தோம். அதிர்ஷ்டம்தான், வேறென்ன.

இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. டைம் ஆபீஸ்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஓட்டமும் வேணும், பாஸும் வேணுமுங்க. அவரு ஓடி நாலு பேரை இழுத்துப்போட்டு, பந்தை நடுவுல கொடுத்தாருன்னா கோலு நிச்சயம். நான் சொன்னா மூஞ்சியத் தூக்கிக்குவாரு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா கேட்டுல நிக்கறவிய, நீங்க சொல்லிப் பாருங்க."

நடுவில் நிற்பது யார்? நான். அது டைம் ஆபீஸ்காரருக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் சொல்லவில்லையா என்று தெரியாது. எனக்குத் தோன்றியது. தோன்றியும், சரிங்க என்று தலையை ஆட்டினேன்.

கேட்டுக்கு எதிரே பேக்கரியில் டீ சொல்லி உட்கார்ந்தோம். அன்றைக்கு இரண்டு பேருக்குமே வேலை கிடைக்கவில்லை. நான் மென்று முழுங்கிச் சொல்லி முடித்ததும் அவர் டீயைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, ஆறு வருசமா அந்தக் கேட்டுல நிக்கறன். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாத்ததில்லை. ஓடுனாத்தானுங்க நான் ஒருத்தன் இருக்கறதே தெரியுது. அதையும் உட்டுப்போடச் சொல்றீங்களா?"

"உடச் சொல்லலீங்க. கடைசியில கொஞ்சம் தலையத் தூக்கிப் பாருங்க, அவ்வளவுதான். கப்பு வந்தாத்தானுங்க எடம். தோத்துப்போட்டா ரெண்டு பேருக்கும் இல்லை."

நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. பொய் சொல்லியிருந்தால், அயோக்கியன் என்று என்னையே திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அவர் கீழே வைத்த டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். பிறகு, "செரிங்க, உங்களை நம்பித்தான் போடறன்" என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார். வேண்டாம் என்று நான் நீட்டிய கையைத் தட்டிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் பட்ட பாடு! குடோன் சுவரில் கரியால் வட்டம் போட்டு, ஓடி வந்து, தலையைத் தூக்கி, அதில் பந்தை அடித்துப் பார்த்தார். முதல் இரண்டு நாள் வட்டத்துக்கும் பந்துக்கும் சம்பந்தமே இல்லை. நாலாம் நாள் பத்துக்கு ஏழு விழுந்தது. எனக்கோ வேறு கஷ்டம். அவர் பாஸ் கொடுக்கும் இடத்துக்கு நான் ஓடிப் போக வேண்டும். என் இடத்தை விட்டுக் கிளம்பினாலே, பின்னால் மேஸ்திரி நின்று பெயர் எழுதுகிற மாதிரி ஒரு பயம். பாதி தூரம் போய் நின்றுவிடுவேன். "வாங்க, வாங்க, நிக்காதீங்க!" என்று அவர்தான் கத்துவார். எனக்கு ஓடக் கற்றுக் கொடுத்ததே அவர்தான் என்று சொல்ல வேண்டும்.

இறுதி ஆட்டத்தன்று காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று தடவை கக்கூஸுக்குப் போனேன். மைதானத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. மேனேஜர் கார் மட்டும் வரவில்லை.

முதல் பாதியில் கிணத்துக்கடவுக்காரர் மூன்று தடவை ஓடினார். மூன்று தடவையும் தலையைத் தூக்கிப் பாஸ் கொடுத்தார். இரண்டு தடவை எங்கள் ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், பந்து அநாதையாக உருண்டு போனது. மூன்றாவது தடவை நானே பாதியில் நின்றுவிட்டேன். சுவர் மேலிருந்து ஒரே வசை. "ஓடறதை உட்டுப்போட்டு என்னடா தானம் பண்ணீட்டிருக்கற?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வை.  இந்த மனுஷனைக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தேன். ஓடுகிறவரை ஓடவிடாமல், பாஸும் எடுக்காமல், இரண்டும் கெட்டானாக ஆக்கிவிட்டோமே. இடைவேளையில் டைம் ஆபீஸ்காரர் எலுமிச்சையைக் கடித்துக்கொண்டே அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்.

இரண்டாம் பாதியும் கோல் இல்லாமலே கரைந்தது. முடிய நாலைந்து நிமிடம் இருக்கும்போது வலது ஓரத்தில் பந்து அவருக்குக் கிடைத்தது. ஒருவனைத் தாண்டினார். இன்னொருவன் சறுக்கி விழுந்தான். எனக்கு எங்கிருந்து வேகம் வந்தது என்று தெரியவில்லை, இடமாவது ஒன்றாவது என்று விட்டுவிட்டு ஓடினேன். மூன்றாவது ஆளையும் அவர் தாண்டியபோது மிச்சம் இருந்தது கோல்கீப்பர் மட்டும்தான். அவனும் பாதி தூரம் முன்னால் வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் கோல் வெறிச்சென்று திறந்து கிடந்தது. கிணத்துக்கடவுக்காரர் காலைத் தூக்கினால் போதும். நான் அதைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கத்தினேன்:

"இங்க! இங்க போடுங்க!"

அவர் தலையைத் தூக்கினார். பந்தைக் கொடுத்தார்.

அந்தக் கோலை எருமை மாடுகூடப் போட்டிருக்கும். நான் போட்டேன்.

ஆட்டம் முடிந்து எங்கள் ஆட்கள் என்னைத் தோளில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தபோதுதான் மேனேஜரின் கார் வந்தது. இறங்கியதும், "ஏப்பா, கோல் போட்டது யாரு?" என்றார். கிணத்துக்கடவுக்காரர்தான் முந்திக்கொண்டு என் கையைப் பிடித்துத் தூக்கினார். "இவருங்க சார்!"

"பதிலியா? நல்லது. திங்கக்கிழமை ஆபீசுல வந்து ஆர்டர் வாங்கிக்கப்பா."

 டைம் ஆபீஸ்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். மேனேஜர் சொன்ன பிறகு மறு பேச்சுப் பேசும் வழக்கம் எங்கள் யாருக்கும் இல்லை. நான் பேசியிருக்கலாம். 'அவரே அடிச்சிருப்பாருங்க சார், நான்தான் கேட்டு வாங்கினேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. வரவில்லை என்று சொல்வதுகூடப் பொய்தான். வாய் வந்தது, "ரொம்ப நன்றிங்க சார்" என்று சொன்னது.

கூட்டம் கலைந்த பிறகு குழாயடியில் கால் கழுவப் போனேன். அவர் முன்பே அங்கே இருந்தார். முழங்கால் இரண்டும் சிராய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"ஏனுங்க" என்றார், "அந்தப் பாஸு செரியாக் காலுக்கு வந்துச்சுங்களா?"

முகத்தில் அப்படி ஒரு ஆவல். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"செரியா வந்துச்சுங்க" என்றேன்.

"அதானே!" என்று சிரித்துவிட்டு, ஊருக்குப் போகும் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க நொண்டிக்கொண்டே ஓடினார்.