டெல்மர் க்விம்பி வெட்டிய குளம்

அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டாக்வெல் ஊரில் யாராவது வீடு கட்ட நினைத்தால், முதலில் டெல்மர் க்விம்பியின் பொக்லைன் வர வேண்டும். முப்பத்தெட்டு வருடம் அதுதான் அவர் பிழைப்பு. பாஸ்டன்காரர்களுக்குப் பனிச்சறுக்கு ஆசை வந்தபோதெல்லாம் மேப்பிள் மரங்கள் நின்ற மேட்டை வீடு கட்ட மட்டமாக்கிக் கொடுத்தவர் அவர். மரம் போகிறதே என்று யாராவது முணுமுணுத்தால், "மரம் பாக்கணும்னா படம் வாங்கி மாட்டிக்க" என்பார்.

அவருக்கு அறுபத்தாறு வயதானபோது, அவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த சொந்தக் காடு நூற்று நாற்பது ஏக்கரையும் ஒரு வீட்டுமனைக் கம்பெனி கேட்டு வந்தது. வந்தவன் வரைபடத்தை விரித்து, இருபத்திரண்டு வீடுகள் எங்கெங்கே வரும் என்று காட்டினான். பதினேழாவது வீட்டின் குளியலறை ஜன்னல் நேரே டெல்மரின் சமையலறையைப் பார்த்தது. அன்றைக்குத்தான் அவருக்குக் காட்டின் மீது பாசம் பொங்கியது.

மறுநாளே, காடுகளைக் காப்பாற்றும் நில அறக்கட்டளையின் படியேறினார். மரத்தைக் கட்டிக்கொண்டு அழும் கூட்டம் என்று அதுவரை அவர் கேலி பேசிவந்த இடம் அது. ஏற்பாடு எளிதானதுதான். காடு அவருடையதாகவே இருக்கும். விறகு வெட்டலாம், மேப்பிள் சாறு இறக்கலாம், விற்கலாம், மகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் வீடு, சாலை கூடாது என்று பத்திரம் பதிந்துவிட்டால், காடு யார் கைக்குப் போனாலும் அந்தக் கட்டுப்பாடும் கூடவே போகும். மீறுகிறார்களா என்று அறக்கட்டளை வருடா வருடம் வந்து பார்க்கும்.

பார்க்கிறவள் வின்னி ஃபாஸ். நாற்பது வயது, அதிகம் பேசமாட்டாள். பத்திரம் எழுதும்போது அவள் கேட்டாள்: "சின்னதா ஒரு குளம் வெட்டிக்க இடம் விடட்டுமா, மிஸ்டர் க்விம்பி? நிறைய பேரு கேப்பாங்க."

"என் மருமகனப் பத்தி உனக்குத் தெரியாதும்மா. ஊசி நுழைய இடம் விட்டா லாட்ஜே கட்டிருவான். ஒரு கரண்டி மண்ணக்கூட மெஷின் தொடக்கூடாதுன்னு எழுது."

அப்படியே எழுதினார்கள்.

அறக்கட்டளையின் அந்த வருட விருந்தில் பீன்ஸும் பன்றி வறுவலும் போட்டு டெல்மருக்கு ஒரு பட்டயம் கொடுத்தார்கள். எழுந்து நின்று கைதட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் வெட்டிய அஸ்திவாரத்தின் மேல் குடியிருப்பவர்கள். தங்களுக்குப் பின்னால் வேறு எவரும் ஊருக்குள் வந்துவிடக் கூடாது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை.

டெல்மர் ஓய்வு பெற்றார். பொக்லைன் கொட்டகையில் நின்றது. தோண்டிப் பழகிய கை எத்தனை நாள் சும்மா இருக்கும்? செப்டம்பரில் மனைவி நோரீன் ஒரு வாரம் தங்கை வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், காட்டுக்குள் ஒரு குளம்.

"இது என்ன டெல்மர்?"

"ஊத்து வந்துச்சு."

"ஊத்து வரும்போதே கரையும் கட்டிக்கிட்டு வந்துச்சா?"

நல்ல குளம்தான், பொய் சொல்லக் கூடாது. தவளைகள் வந்தன, ஒரு கொக்கு வந்தது. டெல்மர் காலையில் காபிக் கோப்பையோடு கரையில் போய் உட்கார்ந்துகொள்வார். தோண்டிய குழியில் வீடு எழும்பாமல் தண்ணீர் நிற்பதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார்.

அக்டோபர் முதல் வாரத்தில் வின்னி வந்துவிட்டாள்.

"பீவர் வேலைம்மா. அணை கட்டிருச்சு" என்று, மரத்தைப் பல்லால் கடித்து ஓடையை மறிக்கும் அந்தப் பிராணியின் மேல் பழியைப் போட்டார்.

அவள் கரையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணில் பதிந்திருந்த கீறல்களைத் தடவினாள். "இந்த பீவருக்கு அஞ்சு பல்லு, மிஸ்டர் க்விம்பி. ரெண்டு பல்லுக்கு நடுவுல என் கை நுழையுது."

"நம்ம ஊர்ல அது பெருசா வளரும்."

"செயின் தடமும் விட்டுட்டுப் போகுமா?"

டெல்மருக்குக் காது சிவந்தது. "இது என் நிலம்! வரி கட்டறவன் நான்!"

"நிலம் உங்களுதுதான். தோண்டற உரிமையத்தான் எங்களுக்குக் கொடுத்துட்டீங்க. வாங்கி வெச்சு அத யாரும் தொடாம பாத்துக்கறதுதான் எங்க வேலை" என்றவள் பத்திரத்தின் ஒன்பதாம் பக்கத்தை எடுத்து, ஒரு கரண்டி மண் என்ற வரியை நிதானமாகப் படித்தாள். கேட்டுக்கொண்டிருந்த நோரீன் பக்கத்திலிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மருமகனுக்கு வெச்ச பொறி மாமனாருக்கே பொருந்துதே!"

வக்கீலிடம் போனார். வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு, "இத எழுதச் சொன்ன ஆளு கெட்டிக்காரன், ஒரு ஓட்டையும் விடல. குளத்த மூடிருங்க" என்றார்.

மூடுவதிலும் ஒரு சிக்கல். மண்ணை மெஷின் தொடக்கூடாதே! தன் பொக்லைனைத் தன் காட்டுக்குள் ஓட்ட டெல்மர் அறக்கட்டளைக்கு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அனுமதி வந்தது, ஒரே ஒரு நாளுக்கு. கைதட்டிய அதே கூட்டம் மடக்கு நாற்காலியும் டோனட்டுமாக வேடிக்கை பார்க்க வந்தது. அவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. முதலில் தவளைகளை வாளியில் பிடித்து ஓடையில் கொண்டுபோய் விட்டார். ஒவ்வொன்றாக. காலைப்பொழுது முழுக்க அதற்கே போய்விட்டது. பிறகு மூடினார். மே மாதம் அந்த இடத்தில் முழங்காலிட்டு, கையாலேயே குழி பறித்து அறுபது மரக்கன்றுகள் நட்டார்.

இதற்குப் பிறகு மனிதர் வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? பத்திரம் பதிந்த காடுகளின் எல்லைக் கோட்டில் நடந்து பார்க்கத் தொண்டர்கள் தேவை என்று அறக்கட்டளை கேட்டதும் முதல் பெயர் கொடுத்தவர் டெல்மர். டேப்போடு கிளம்பிவிட்டார். பல் டாக்டர் மனைவி மிசஸ் பெம்பர்ட்டனின் கோழிக்கூட்டை நாலு பக்கமும் சுற்றி அளந்தார்.

"நாலடி உள்ள வந்துருச்சு, மேடம்."

"நாலடிதானே டெல்மர்? நீங்க ஒரு குளமே..."

"எங்க குளம்? காட்டுங்க பாப்போம்."

அடுத்த வாரம் கூடு நகர்ந்தது. இப்போது ஊரில் யாரும் அவரைக் காபிக்குக் கூப்பிடுவதில்லை. வின்னி மட்டும் வருடா வருடம் தவறாமல் வருகிறாள். மற்றவர்கள் காட்டைச் சுற்றிப் பார்க்க அவளுக்கு ஒரு மணி நேரம் போதும். டெல்மரின் காட்டில் புதுக் குழி ஏதும் இருக்கிறதா என்று தேட மூன்று.