ஜனக்புரிக்குச் சுறா இல்லை

‘வாடிக்கையாளரே தெய்வம்’ என்று கடையில் எழுதி மாட்டியவர்கள் யாரும் மீன் விற்றிருக்க மாட்டார்கள். கணவருக்கு டில்லிக்கு மாற்றல் ஆன பிறகு, தூத்துக்குடியில் படகு வைத்திருக்கும் என் அண்ணன் ஐஸ் பெட்டியில் மீன் போட்டு ரயிலில் அனுப்புவான். ஞாயிறுதோறும் கரோல் பாக் வீட்டு வாசலில் விற்பேன். ஒரே நிபந்தனை: குஞ்சு மீனும் சுறாவும் அனுப்ப மாட்டான். “சுறா பெருகவே வருஷக்கணக்காகும். வளர விடாம அள்ளி அள்ளித்தான் இப்ப வலை காலியா வருது” என்பான். நியாயம்தான். ஆனால் வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்ல வேண்டியவள் நானல்லவா? கடை வைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

அறைக்கு அடங்காத வஞ்சிரம்

முனிர்காவில் அறை எடுத்துப் படித்த தம்பி ஒருவர் கையகல வஞ்சிரம் கேட்டார். அது இன்னும் ஒரு தடவைகூட முட்டை போடாத குஞ்சு என்று சொல்லி, பெரிய மீனைக் காட்டினேன். நறுக்கித் தருகிறேன் என்பதற்குள் அவர் அதைத் தலை முதல் வால் வரை பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது உள்ள வந்தா எங்கள்ல ஒருத்தன் ரூமைக் காலி பண்ணணும்கா!”

கடலுக்கு லீவு

மீன் முட்டையிடும் காலத்தில் விசைப்படகு போகக் கூடாது என்று தடை வந்தது. பெட்டியும் வரவில்லை. பையோடு வந்து நின்ற மத்திய அரசு குமாஸ்தாவிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கத்துவார் என்று பயந்தால், பெருமூச்சுதான் விட்டார். “மீனுக்கே லீவு சாங்ஷன் ஆயிடுச்சு. எனக்குத்தாம்மா ஆகல!”

பிள்ளை பெற்ற வீடு

ஜனக்புரித் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் சேர்த்து மீன் வாங்கிப் போகும் ராஜேஸ்வரி அக்காதான் என் பாதி வியாபாரம். அவர் மகளுக்குப் பிரசவமாகி, பால் பற்றவில்லை. வழக்கப்படி புட்டு செய்து கொடுக்கச் சுறா கேட்டார். இல்லை என்றதும் முகம் சுண்டிவிட்டது. “பச்சை உடம்புக்காரிக்கு உதவாத கடை எதுக்கு?” என்றார்.

காரல் மீனை எடுத்து நீட்டினேன். “சின்னதா இருக்குன்னு பாக்காதீங்கக்கா, இதோட வளர்த்தியே இவ்வளவுதான். எங்க ஊர்ல பிள்ளை பெத்தவளுக்கு இதைத்தான் குழம்பு வச்சுக் கொடுப்போம்.” அரை மனதாக வாங்கிப் போனார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கடை போனால் போகட்டும், குழந்தை பசியில் அழுமே என்றுதான் பயம்.

அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு உயிர் வந்துவிட்டது. “பய கடைவாயில பால் வழிய வழியத் தூங்குறான்! ஜல்தி காரலை எடு, எங்க லைன்ல எல்லாருக்கும் வேணுமாம்!”

காரலால் சுரந்ததோ, தாய் நாலு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியதால் சுரந்ததோ, எப்படியோ சுறாவும் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.